காக்கா முட்டை (திரைப்படம்)

காக்கா முட்டை என்பது 2015 ஆம் ஆண்டு சூன் 5 அன்று வெளிவந்த தமிழ்த் திரைப்படமாகும். எம். மணிகண்டன் எழுதி, ஒளிப்பதிவு செய்து, இயக்கிய இவரது முதல் முழுநீளத் திரைப்படம் இதுவாகும். நடிகர் தனுசும் இயக்குனர் வெற்றிமாறனும் இணைந்து தயாரித்தனர். சென்னைக் குடிசைப் பகுதியில் வாழும் சிறுவர் இருவர் ஒரு பீட்சா உண்ண மேற்கொள்ளும் முயற்சியை நகைச்சுவையுடன் சித்தரிக்கிறது.

பெயர்க்காரணம்

கோழி முட்டை வாங்க வசதியில்லாத சகோதரர்கள் மரத்திலேறிக் காக்கையின் கூட்டிலிருந்து முட்டைகளை எடுத்துக் குடிக்கின்றனர். மூன்று முட்டைகள் இருந்தால் ஒன்றைக் காக்கைக்கு விட்டுவைக்கின்றனர். இதனால் இவர்கள் பெரிய காக்கா முட்டை, சின்ன காக்கா முட்டை என்றே அழைக்கப்படுகின்றனர். படத்தில் இவர்களது இயற்பெயர்கள் முக்கியத்துவம் பெறுவதில்லை.

கதைச்சுருக்கம்

தந்தை சிறையில் இருக்க, தாயுடனும் பாட்டியுடனும் சிறுவர்கள் வாழ்கின்றனர். பள்ளிப்படிப்பை விட்டுவிட்டுத் தொடருந்துப் பாதையோரம் சிதறிக் கிடக்கும் நிலக்கரியைப் பொறுக்கி விற்று நாளொன்றுக்குச் சுமார் 10 ரூபாய் ஈட்டுகின்றனர். இவர்கள் விளையாடிய இடத்திலிருந்த மரம் வெட்டப்பட்டு, அங்கு பீட்சா கடையொன்று எழும்புகிறது. கடையை நடிகர் சிலம்பரசன் திறந்துவைக்கிறார். அரசு வழங்கிய இலவசத் தொலைக்காட்சிப் பெட்டியில் பீட்சா விளம்பரத்தைக் கண்ட சிறுவர்கள் அதனைச் சுவைத்துப் பார்க்க உறுதி கொள்கின்றனர்.

ஒரு பீட்சாவின் விலை ஏறத்தாழ 300 ரூபாய். அதாவது இவர்களது ஒரு மாத வருமானம். பேரன்களின் ஏக்கத்தைப் போக்கப் பாட்டி தோசை மாவைக் கொண்டு பீட்சாவைப் போலவே ஒன்றைச் செய்து தருகிறார். அது அவர்களுக்கு நிறைவளிக்கவில்லை. தொடருந்துத் துறைப் பணியாளரான 'பழரசம்' என்பவரின் உதவியுடன் கூடுதல் நிலக்கரி சேர்த்துப் பணத்தை ஈட்டுகின்றனர். ஆனால் கடைக்காவலர் உள்ளே விட மறுக்கிறார். உடையே காரணம் என எண்ணிப் புத்தாடை தேடி அணிந்து மீண்டும் செல்கின்றனர். இம்முறை கடை மேற்பார்வையாளர் மூத்தவனை அறைகிறார். அக்காட்சி கைப்பேசியில் பதிவாகி, பின்னர் ஊடகங்களிலும் அரசியலிலும் பரபரப்பாகிறது. இறுதியில் அதே கடை சிறுவர்களை வரவேற்று பீட்சா வழங்குகிறது. அதன் சுவை அவர்களுக்குப் பிடிக்கவில்லை; அதற்குள் மறைந்துவிட்ட பாட்டியின் தோசையே மேல் என உணர்கின்றனர்.

கருப்பொருள்

சிறுவர்களின் கனவுக்குத் தடையாக இருப்பது விலை மட்டும் அன்று என்பதே படத்தின் மையக் கருத்தாகும். பணமும் புத்தாடையும் சேர்ந்த பின்னரும் வாயிற்கதவு திறக்கவில்லை. 2006 இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தின் பின்னணியும் இங்கு கவனிக்கத்தக்கது. வாங்க இயலாத பொருளின் விளம்பரம் குடிசைக்குள் இலவசமாக வந்து சேர்கிறது. சிறுவர்களைப் பற்றியே செய்தி வாசிக்கும் தொலைக்காட்சிக் குழுவினர், பின்னால் நிற்கும் அவர்களை யாரென்று அறியாமல் விலகச் சொல்லும் காட்சி ஊடகங்களைப் பகடி செய்கிறது. எனினும் படம் எவரையும் முழுத் தீயவராகக் காட்டுவதில்லை. சிறுவர்களும் தங்கள் நிலைக்காக இரக்கம் கோருவதில்லை.

நடிகர்கள்

ஜெ. விக்னேஷ் – பெரிய காக்கா முட்டை
வி. ரமேஷ் – சின்ன காக்கா முட்டை
ஐஸ்வர்யா ராஜேஷ் – தாய்
சாந்தி மணி – பாட்டி
ஜோ மல்லூரி – பழரசம்
ரமேஷ் திலக், யோகி பாபு – பணம் பறிக்க முயலும் இளைஞர்கள்
பாபு ஆண்டனி – கடை உரிமையாளர்
சிலம்பரசன் – அவராகவே

தொழில்நுட்பக் கலைஞர்கள்

இசையமைப்பு ஜி. வி. பிரகாஷ் குமார். படத்தொகுப்பு செய்த கிஷோர், படம் திரைக்கு வருவதற்கு முன்னரே 2015 மார்ச்சில் காலமானார்.

வெளியீடும் விருதுகளும்

2014 செப்டம்பரில் டொராண்டோ பன்னாட்டுத் திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. 62 ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த சிறுவர் திரைப்படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. சிறந்த குழந்தை நட்சத்திரத்திற்கான விருதை விக்னேஷ், ரமேஷ் இருவரும் பகிர்ந்து பெற்றனர். 2016 இல் 'ஆஃப் டிக்கெட்' என்ற பெயரில் மராத்தியில் மீண்டும் எடுக்கப்பட்டது.