தலைமையாசிரியரின் கற்பித்தல் மேற்பார்வையும் தொடக்கநிலை மாணவர் அடைவும்: புதுச்சேரியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியரின் மேற்பார்வை மாணவர் அடைவை உயர்த்தும் என்பது கல்வியியலில் பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. எனினும், அம்மேற்பார்வைக்குரிய அதிகாரமும் நேரமும் அவருக்கு வாய்த்தனவா என்பதைப் புதுச்சேரி மரபாகப் பெற்ற கல்வி அமைப்புகளின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தலைமையாசிரியர், கற்பித்தல் மேற்பார்வை, கற்றல் அடைவு, பள்ளி ஆய்வாளர், புதுச்சேரி.

முன்னுரை

புதுச்சேரியின் தொழிற்பேட்டைப் பகுதிகளுள் ஒன்று மேட்டுப்பாளையம். இத்தகைய பகுதிகளில் வாழும் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள் எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்கும் பெரும்பாலும் பள்ளியையே நம்பியிருக்கின்றனர். வகுப்பறையில் கற்பித்தல் தளர்ந்தால் அதனை ஈடுசெய்ய வேறு வழி அவர்களுக்குக் குறைவு. அத்தளர்ச்சியை முதலில் காணக்கூடியவர் தலைமையாசிரியரே. அவர் ஏன் பல நேரங்களில் அதனைக் காண இயலாதவராக இருக்கிறார் என்னும் வினாவுக்கு வரலாற்றில் விடை உண்டு.

திண்ணைப் பள்ளி

தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பின்படி, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தமை அவரது 1826ஆம் ஆண்டுக் குறிப்பால் அறியப்படுகிறது. திண்ணைப் பள்ளியில் கற்பிப்பவரும் மேற்பார்வையிடுபவரும் ஒருவரே. சட்டாம்பிள்ளை இளையோரிடம் பாடங் கேட்பான். அவனிடம் ஆசிரியர் பாடங் கேட்பார். மாணவன் கற்றானா என்பது அன்றன்றே தெரிந்துவிடும். சென்னை எழும்பூர் ஆதரவற்றோர் இல்லத்தில் பணியாற்றிய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதிக் கற்கும் இந்நாட்டு முறையைக் கண்டு, மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை வகுத்து 1797இல் நூலாக வெளியிட்டார்.

ஆய்வாளரின் வருகை

1854ஆம் ஆண்டு உட்டின் அறிக்கை கல்வித்துறையையும் ஆய்வாளர் பதவிகளையும் பரிந்துரைத்தது. அதன்வழி மேற்பார்வை பள்ளிக்கு வெளியே சென்றது. இங்கிலாந்தில் 1862இல் நடைமுறைக்கு வந்த 'தேர்வு முடிவுக்கேற்ப மானியம்' என்னும் முறை சென்னை மாகாணத்திலும் பின்பற்றப்பட்டது. ஆய்வாளர் மாணவரைத் தேர்வு செய்வார். தேறியவர் தொகையைப் பொறுத்துப் பள்ளிக்கு மானியம் கிட்டும். இம்முறையில் அடைவு அளக்கப்பட்டதேயன்றிக் கற்பித்தல் கவனிக்கப்படவில்லை. பள்ளியை நடத்துவோரின் அக்கறை ஆய்வு நாளை நோக்கித் திரும்பியது, மனப்பாடம் வலுப்பெற்றது. 1904ஆம் ஆண்டு இந்தியக் கல்விக் கொள்கைத் தீர்மானம் இம்முறையைக் குறைகூறியது.

பிரெஞ்சு மரபு

பிரான்சில் தொடக்கக் கல்விக்கான ஆய்வாளர் பதவி 1835இல் உருவாக்கப்பட்டது. ஆசிரியரின் பணியை மதிப்பிடும் பொறுப்பு அவருக்கே உரியதாயிற்று. பள்ளி இயக்குநர், சக ஆசிரியருள் ஒருவராகவே கருதப்பட்டார். 2021 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டமே அவருக்குப் பள்ளி நடைமுறை சார்ந்த அதிகாரத்தை வழங்கியது. அப்போதும் ஆசிரியர் மீதான மேலதிகாரம் வழங்கப்படவில்லை.

புதுச்சேரி 1954 நவம்பர் 1இல் இந்திய ஆட்சியின்கீழ் வந்தது. 1962 ஆகஸ்டு 16இல் அவ்விணைப்பு சட்டப்படி நிறைவுற்றது. பின்னர்ப் புதுச்சேரிப் பள்ளிகள் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றின. இவ்வாறு பிரெஞ்சு, ஆங்கிலேய மரபுகள் இரண்டும் இங்குச் சந்தித்தன. பலவற்றில் வேறுபட்ட இவ்விரண்டும், கற்பித்தலை மதிப்பிடும் அதிகாரத்தைப் பள்ளிக்கு வெளியே வைத்ததில் ஒன்றுபடுகின்றன.

அதிகாரமும் நேரமும்

கோத்தாரி கல்விக்குழு (1964–66) நிருவாகத்தையும் கல்வி மேற்பார்வையையும் பிரிக்குமாறும், அண்டைப் பள்ளிகளை இணைத்துப் பள்ளி வளாகங்கள் அமைக்குமாறும் பரிந்துரைத்தது. ஆயினும், 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, 150 மாணவருக்கு மேற்பட்ட தொடக்கப் பள்ளிக்கே ஆசிரியர் எண்ணிக்கைக்குப் புறம்பாகத் தலைமையாசிரியரை வகுத்துள்ளது.

இதன் விளைவு எளிதில் புலப்படும். 60 மாணவர் வரையுள்ள பள்ளிக்கு இரண்டு ஆசிரியர். ஐந்து வகுப்புகளை அவ்விருவரும் பகிர்ந்துகொள்வர். தலைமைப் பொறுப்பிலிருப்பவர் மற்றவரின் கற்பித்தலைக் காணச் சென்றால், அவர் பொறுப்பிலுள்ள வகுப்புகள் ஆசிரியரின்றி நிற்கும். ஐந்து ஆசிரியர் உள்ள பள்ளியில் திங்களுக்கு ஒருமுறை ஒவ்வொருவரின் வகுப்பையும் காண நான்கு பாடவேளைகள் போதும். மதிய உணவுக் கணக்கு, தரவுப் பதிவேற்றம், கூட்டங்கள் ஆகியன அந்நான்கையும் விழுங்கிவிடுவதுண்டு.

மேற்பார்வையும் அடைவும்

மேற்பார்வை என்னும் பெயரில் நிகழும் அனைத்தும் அடைவை உயர்த்துவதில்லை. ஆந்திரப் பிரதேசத்தில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நிகழ்த்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர் அடைவு குறித்த பின்னூட்டம் பெற்ற ஆசிரியர்கள், பார்வையாளர் முன்னிலையில் கூடுதல் முயற்சியுடன் கற்பித்தனர். மாணவர் மதிப்பெண்ணிலோ வேறுபாடு இல்லை. மத்தியப் பிரதேசப் பள்ளி மதிப்பீட்டுத் திட்டத்தை ஆராய்ந்த முரளிதரன், அபிஜீத் சிங் ஆகியோரும், திட்ட ஆவணங்கள் உருவானபோதும் கற்றல் அடைவு உயரவில்லை என்றே கண்டனர்.

இவை புறத்தாரின் பார்வையும் ஆவணமும் சார்ந்த முயற்சிகள். தலைமையாசிரியர் நாள்தோறும் அதே பள்ளியில் இருப்பவர். மூன்றாம் வகுப்பில் கழித்தல் அறியாத மாணவனின் இடர்ப்பாட்டை, இரண்டாம் வகுப்பில் இடமதிப்பு கற்பிக்கப்பட்ட முறைவரை அவரால் பின்தொடர இயலும். உரிய ஆசிரியருடன் அமர்ந்து மாற்றுவழி பேசவும் இயலும். இது பாடக்குறிப்பேட்டில் கையொப்பமிடுவதினும் வேறான பணி. அடைவோடு தொடர்புபடுத்திக் களத்தில் ஆராயத்தக்கது இதுவே.

முடிவுரை

இரு நூற்றாண்டுகளாக மேற்பார்வை என்பது பெரிதும் கணக்கெடுப்பாகவே இருந்துவந்துள்ளது; தலைமையாசிரியர் அதற்குப் பதில் சொல்பவராக நிறுத்தப்பட்டார். எனவே, அவரது மேற்பார்வைக்கும் மாணவர் அடைவுக்கும் உள்ள தொடர்பை ஆராய்வோர், வருகைகளின் எண்ணிக்கையோடு நில்லாது, வகுப்பை விட்டு வர அவருக்கு இருந்த நேரத்தையும், கண்டபின் ஆசிரியருடன் நிகழ்ந்த உரையாடலையும் அளவிடுதல் வேண்டும். 150 என்னும் வரம்பைத் தளர்த்துவது அரசின் முன்னுள்ள முதற்பணி. சிறிய பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளுக்கே அத்தளர்வு மிகுதியும் தேவைப்படுகிறது.