சட்டமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்கு

மலர்க் குழுவினர் "ஏதாச்சும் வரலாறு எழுதிக் குடுங்க" என்று கேட்டதும், விடுதி மாடியில் ஓர் இரவு நடந்த விவாதம்தான் ஞாபகத்துக்கு வந்தது. "அரசியல்ல இருந்தவரு நீதிபதியா வந்தா நியாயம் கெடைக்குமா?" என்பது தலைப்பு. "கெடைக்கவே கெடைக்காதுங்க" என்று அடித்துப் பேசிக் கைதட்டலும் வாங்கினேன். பின்னாளில் வி.ஆர். கிருஷ்ணய்யரைப் பற்றிப் படித்தபோதுதான் அவசரப்பட்டுவிட்டது புரிந்தது.

அவர் நமக்கு அந்நியரல்லர். வாளையாரைத் தாண்டினால் பாலக்காடு. அதனருகே வைத்தியநாதபுரத்தில் பிறந்தவர். பாலக்காடு விக்டோரியா கல்லூரி, அண்ணாமலைப் பல்கலைக்கழகம், சென்னை சட்டக் கல்லூரி என்று படித்து, தலச்சேரியில் வக்கீலானார். 1948ல் கம்யூனிஸ்டுகளுக்கு உதவியதாகச் சொல்லி அவரை ஏறக்குறைய ஒரு மாதம் சிறையில் வைத்தார்கள். 1952ல் கூத்துப்பறம்பில் சுயேச்சையாக வென்று சென்னை சட்டமன்றத்துக்குப் போனார். அப்போது மலபாரும் நம்ம கோயமுத்தூரும் ஒரே மாநிலம்! 1957ல் கேரளத்தில் இ.எம்.எஸ். அமைச்சரவையில் சட்டம், சிறை, மின்சாரம் முதலிய துறைகளின் மந்திரி. 1959ல் அந்த அமைச்சரவை கலைக்கப்பட்டது. 1965 தேர்தலில் தோற்றார். மறுபடியும் கறுப்பு அங்கி.

1968ல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. 1973ல், இந்திரா காந்தி ஆட்சியில், உச்ச நீதிமன்ற நீதிபதி. "அரசியல்வாதியை நீதிபதியாக்குவதா?" என்று வக்கீல்கள் சிலர் வெளிப்படையாகவே எதிர்த்தார்கள்.

சோதனை 1975ல் வந்தது. இந்திராவின் தேர்தல் வெற்றி செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் தடை கேட்ட மனு, விடுமுறைக் கால நீதிபதியாக இருந்த இவரிடம் வந்தது. ஜூன் 24 அன்று முழுத் தடை தர மறுத்தார். பிரதமராக நீடிக்கலாம், மக்களவையில் பேசலாம். ஆனால் ஓட்டுப் போடக் கூடாது, எம்.பி. சம்பளம் வாங்கக் கூடாது என்றார். மறுநாள் இரவே நெருக்கடி நிலை வந்தது.

கைதியாகவும் சிறை மந்திரியாகவும் சிறையைப் பார்த்தவர் அவர். சக கைதி சித்திரவதைக்கு ஆளானதைப் பற்றித் திகார் சிறைக் கைதி ஒருவர் எழுதிய கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. 1979ல் அதற்குத் தீர்ப்பு எழுதியவர் இவர்தான்.

1978ல் ஒரு கொத்தனாரின் வழக்கு. கீழ்க் கோர்ட்டு 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டது. வேறு மாவட்டக்காரர் என்று சொல்லி, ஜாமீன் நிற்க வந்த சகோதரரையும் ஏற்கவில்லை. கிருஷ்ணய்யரோ, 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். தமிழன் ஒருவன் டெல்லி சாந்தினி சவுக்கில் கைதானால் உள்ளூர் ஜாமீன்தாரருக்கு எங்கே போவான் என்பது அவர் கேட்ட கேள்வியின் சாரம்.

ஓய்வு பெற்ற பின் 1987ல் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஆர். வெங்கட்ராமனை எதிர்த்து நின்று தோற்றார். அரசியல் அவரை விட்டுப் போகவில்லை என்பது வாஸ்தவம்தான். ஆனால் வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்த்துத் தராசை அவர் சாய்க்கவில்லை. 2014 டிசம்பர் 4 அன்று மறைந்தார்.

சட்டம் படிக்கப் போகும் தம்பி, தங்கைகளே! இன்றைக்குத் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் கோவை பவுண்டரிகளிலும் பீகார், ஒடிசாப் பையன்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருவன் ஏதோ வழக்கில் சிக்கினால், உள்ளூர் ஜாமீனுக்கு அவன் யாரைத் தேடிப் போவான்? அன்று தமிழனுக்காகக் கேட்ட கேள்வி, இன்று நம்ம ஊர்க் கோர்ட்டு வாசலிலேயே நிற்குதுங்க. பதில் சொல்ல நீங்கள்தான் வர வேண்டும்.