காந்தமும் நிலவும்

ஓர் ஓவியத்தின்முன் எவ்வளவு நேரம் நிற்பது என்பதைப் பார்வையாளனே தீர்மானிக்கிறான். விடியோ கலை அவ்வுரிமையை அவனிடமிருந்து எடுத்துக்கொண்டு, காலத்தையே தன் மூலப்பொருளாக்கிக்கொண்டது. அதன் முன்னோடிகளில் முதன்மையானவராகக் கருதப்படுபவர் சியோலில் 1932இல் பிறந்த நாம் ஜூன் பைக்.

இசை பயின்றவர் அவர். 1963 மார்ச்சில் ஜெர்மனியின் வூப்பர்டால் நகரக் காட்சிக்கூடம் ஒன்றில், உட்சுற்றுகளை மாற்றியமைத்த தொலைக்காட்சிப் பெட்டிகளை வைத்தார். ஒளிபரப்பில் வந்த பிம்பங்கள் அவற்றில் நெளிந்து உருக்குலைந்தன. 1965இல் நியூயார்க்கில் அடுத்த அடியை எடுத்துவைத்தார். படக்குழாயின்மீது காந்தத்தைப் பொருத்தினால் உள்ளே பாயும் எலக்ட்ரான் கற்றை தடம் விலகும். அவ்விலகலைக்கொண்டே பிறை முதல் முழுநிலவு வரை திரைகளில் உருவாக்கி, இருளில் வரிசையாக நிறுத்தினார். 'நிலவே மிகப் பழைய தொலைக்காட்சி' என்பது அப்படைப்பின் பெயர். வானில் நாள்தோறும் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்வது அங்கே ஒரே கணத்தில் அருகருகே நிற்கிறது. பார்ப்பவன் நடந்தால்தான் காலம் நகர்கிறது.

காலத்தைப் பேசிய கருவியையும் காலம் விட்டுவைக்கவில்லை. கொரியாவின் குவாச்சான் நகரிலுள்ள தேசிய நவீனக் கலை அருங்காட்சியகத்தில், 1988இல் 1003 பெட்டிகளைக் கொண்டு அவர் கோபுரம் ஒன்றை எழுப்பினார். அவ்வெண், கொரியர்கள் தம் நாடு பிறந்த நாளாகக் கொண்டாடும் அக்டோபர் 3ஐக் குறிப்பது. பெட்டிகள் முதிர்ந்தன; பாதுகாப்பு கருதி 2018இல் கோபுரம் அணைக்கப்பட்டது. 737 படக்குழாய்ப் பெட்டிகளைச் செப்பனிட்டும் பழைய பெட்டிகளைத் தேடிப் பொருத்தியும், உச்சியிலிருந்த 266ஐப் புறத்தோற்றம் மாறாமல் தட்டைத் திரைகளாக்கியும் 2022 செப்டம்பரில் மீண்டும் ஒளியேற்றினார்கள்.

இது சமரசம்தான். ஆயினும் கோபுரத்துக்கு அது பொருந்துகிறது. அங்கே பேசுவது எண்ணிக்கையும் திரளும். திரை வெறும் பாண்டம். நிலவு வரிசையின் முதல் வடிவம் அப்படியன்று. அதில் குழாய்தான் தூரிகை. தட்டைத் திரையின்மீது எத்தனை காந்தம் வைத்தாலும் பிறை தோன்றாது. பிற்கால வடிவங்கள் சிலவற்றில் பதிவுசெய்த நிலவுகளே ஓடுகின்றன.

எனவே 'மாற்றலாமா, கூடாதா' என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. படைப்பின் உயிர் எதில் இருக்கிறது என்பதை ஒவ்வொன்றிடமும் தனித்தனியே கேட்டாக வேண்டும். கேட்கத் தவறினால், எஞ்சுவது நிலவன்று, நிலவின் நிழற்படம்.