தோட்டத்து மருந்தும் துரைமார் மன்றமும்



மக்களின் உடல்நலங் கருதி அரசாங்கம் சட்டம் ஒன்றை இயற்ற முற்படுங்கால், அதனை எதிர்த்துப் பொதுக்கூட்டங்களிலே குரல் எழுவது உலகெங்கும் காணப்படும் நிகழ்ச்சியே. 1962 ஆம் ஆண்டு கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் அரசு மருத்துவக் காப்புறுதி நடைமுறைக்கு வந்தபோது, மருத்துவர்கள் 23 நாட்கள் பணிநிறுத்தம் செய்தனர். அவர்களை ஆதரித்துப் பொதுமக்களும் கூட்டங்கள் கூட்டினர். அதற்குத் தொண்ணூறு ஆண்டுகட்கு முன்னரே நமது மலைநாட்டில் இத்தகைய எதிர்ப்பொன்று எழுந்தது. ஆயின், இங்கே எதிர்த்துப் பேசியவர்கள் மருத்துவரும் அல்லர், நோயாளரும் அல்லர். தோட்டத் துரைமாரே எதிர்த்தனர்.

கோப்பிப் பயிருக்கென நம் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டுவழியே நடந்து வந்த வரலாற்றை நேயர்கள் அறிவீர்கள். வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் வழிநெடுகப் பலரை மாய்த்தன. மாண்டோர் எழுபதினாயிரம் என்று 1849 இல் கொழும்புப் பத்திரிகை ஒன்று எழுதிற்று. அக்கணக்கு மிகையென்று மறுத்தவர்களும் உண்டு. சரியான கணக்கை எவர் வைத்திருந்தார்? பிணியுற்றவனைத் தோட்டத்திலிருந்து வெளியேற்றிவிட்டால், அவன் தெருவோரத்தில் மாண்டாலும் தோட்டத்துப் புத்தகத்தில் அந்த மரணம் ஏறுவதில்லை. இறக்குந் தறுவாயிலே கொண்டுவந்து போடப்பட்ட தொழிலாளரின் அவலத்தை, கம்பளை மருத்துவமனை பற்றி 1869 இல் மருத்துவர் வான் டோர்ட் எழுதிய அறிக்கை வெளிப்படுத்திற்று.

1872 இல் அரசாங்கம் 14 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை இயற்றியது. தொழிலாளரின் வைத்தியத்துக்குத் தோட்டச் சொந்தக்காரரே பொறுப்பு. அச்செலவுக்காக அவர்கள் வரி செலுத்தல் வேண்டும் என்பதே அதன் சாரம். 1854 இல் கண்டியிலே தோன்றிய தோட்டத்துரைமார் சங்கம் வாளாவிருக்கவில்லை. தொழிலாளர் நோயோடுதான் வந்து சேர்கின்றனர். இன்று என் தோட்டத்தில் இருப்பவன் நாளை அயல்தோட்டத்துக்குப் போகின்றான். அவனுக்காக நான் ஏன் ஏக்கர்க் கணக்கில் வரி கொடுத்தல் வேண்டும் என்னும் பாங்கிலே அவர்களது வாதம் சென்றது. இவற்றுள் முதலாவது முழுப்பொய் அன்று. வழிநடையிலே பலர் நோயுற்றது மெய்யே. ஆனால் நோயோடு வந்தவனுக்கு மருந்து வேண்டாமென்று அதிலிருந்து முடிவுசெய்வது எந்த நியாயமோ நானறியேன்.

எதிர்த்தவர்களின் கையிலேயே சட்டத்தின் நிர்வாகமும் விடப்பட்டது. மாவட்டந்தோறும் அமைந்த குழுக்களில் துரைமாரே செல்வாக்குப் பெற்றனர், திட்டம் தளர்ந்தது. எனவே 1880 இல் அரசாங்கம் அதனை நேரடியாகப் பொறுப்பேற்றது. மறுபடியும் எதிர்ப்பு எழுந்தது. அவ்வேளை துரைமாரின் முறையீட்டில் உண்மையும் கலந்திருந்தது. 1869 இல் நமது ஊவாவின் மடுல்சீமையிலே முதன்முதற் காணப்பட்ட கோப்பி இலைநோய், அதற்குள் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது. பின்னர் ஏக்கர் வரி நீங்கி, ஏற்றுமதித் தீர்வை வந்தது.

இவ்வளவு வாதங்களுக்கிடையே தொழிலாளி என்ன சொன்னான்? மன்றத்திலே அவனுக்கு இடமில்லை. அவனும் மருத்துவமனையை எதிர்த்தானென்பது மெய். லயத்தில் நோயாளியை மறைத்து வைத்தான். மொனராகலைப் பகுதியில் நான் ஆசிரியனாகப் பணியாற்றிய காலத்தில் மூதாட்டி ஒருவர், "ஆஸ்பத்திரிக்கு வண்டியிலே ஏத்துனா ஆளு திரும்பி வராது சாமி" என்று தம் பாட்டி சொன்னதாகக் கூறினார். இறக்கும் தறுவாயில் மட்டுமே ஆளை அனுப்பினால், திரும்பி வருவோர் எவர்? அது அறியாமை அன்று, கண்டறிந்த அனுபவம்.

1912 இன் சட்டங்கள் தோட்டங்களிலே மருந்தகங்களைப் பெருகச் செய்தன. 1948 இல் குடியுரிமைச் சட்டத்தினால் பெரும்பாலான தோட்டத் தமிழர் உரிமையிழந்து, வாக்கையும் இழந்தனர். வாக்கில்லாதவரிடம் வந்து மருத்துவமனை பற்றிப் பேச எந்த அரசியல்வாதிக்கு அவசரம்? 1951 அளவில் அரசாங்க மருத்துவமனைகளில் இலவச வைத்தியம் நிலைபெற்ற நாட்டிலே, தோட்டத்து மருந்தகம் மட்டும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பிலேயே தங்கிவிட்டது.

1990களிலிருந்துதான் தோட்ட மருத்துவமனைகளுட் சிலவற்றை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. எஞ்சிய தோட்டங்கள் பலவற்றில், பட்டம் பெற்ற மருத்துவர் இல்லை. தோட்ட மருத்துவ உதவியாளர் ஒருவரே இருக்கின்றார். நோய் கடுமையானால், பதுளைக்கோ மொனராகலைக்கோ வண்டி தேடித்தான் போகவேண்டும்.