அமெரிக்கக் குடியரசை நிறுவியோரின் சமயக் கொள்கை

அமெரிக்க ஐக்கிய நாடுகளை நிறுவிய பெருமக்களைத் தூய கிறிஸ்தவர் என்பார் ஒரு சாரார். சமயமே வேண்டாதவர் என்பார் மற்றொரு சாரார். இரண்டும் அவசரத் தீர்ப்புகளே என நாம் கருதுகிறோம். 1776-இல் விடுதலைப் பிரகடனத்தில் ஒப்பமிட்டோருள் ஜான் விதர்ஸ்பூன் என்ற பாதிரியாரும் இருந்தார். தேவாலயக் கோட்பாடுகளை ஐயுற்றோரும் இருந்தனர்.

பெஞ்சமின் பிராங்க்ளின் 1790-இல், மரணத்திற்குச் சில வாரங்கள் முன்பு, தம் நம்பிக்கையைக் கடிதமொன்றில் விளக்கினார். படைத்தவன் ஒருவனே, அவனை வணங்குதல் கடமை, மறுமையில் நீதி உண்டு என்பதே அதன் சாரம். ஈஸா நபி (அலை) அவர்களுக்குத் தெய்வத்தன்மை கற்பிப்பதில் தமக்கு ஐயமுண்டு என்றும் எழுதினார். தாமஸ் ஜெபர்சன் 1820-ஆம் ஆண்டளவில் புதிய ஏற்பாட்டைக் கத்தியால் நறுக்கி, அற்புதங்களை விலக்கி, அறவுரைகளையும் வரலாற்றையும் மட்டும் தொகுத்துக் கொண்டார்.

இதே ஜெபர்சன் 1765-இல் ஜார்ஜ் சேலின் ஆங்கிலத் திருக்குர்ஆன் மொழிபெயர்ப்பை வாங்கினார். இதைக் கேட்டதும் நம்மவர் சிலர் அவரை நம் பக்கம் சேர்த்துக்கொள்ள விழைகின்றனர். அது முறையன்று. நூலை வாங்கியதற்குச் சான்றுண்டு. மார்க்கத்தை ஏற்றதற்குச் சான்றில்லை. ஆனால், 1786-இல் நிறைவேறிய வர்ஜீனியா சமயச் சுதந்திரச் சட்டம் யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து, சமய மறுப்பாளர் யாவரையும் காப்பதாக அவரே தம் வரலாற்றில் எழுதினார்.

1797-இல் திரிபோலியுடன் செய்த உடன்படிக்கையின் 11-ஆம் பிரிவு, அமெரிக்க அரசு கிறிஸ்தவ சமயத்தின்மீது நிறுவப்பட்டதன்று என்கிறது. அரபுப் பிரதியில் அப்பிரிவு இல்லை. அவ்விடத்தில் ஒரு கடிதமே காணப்படுகிறது. எனினும் செனட் சபை ஒருமனதாக ஏற்றதும், அதிபர் ஜான் ஆடம்ஸ் ஒப்பமிட்டதும் ஆங்கிலப் பிரதியையே. ஆதலின் அவர்தம் கருத்தை அறிய அதுவே போதிய சான்று.

இவ்வுரிமை அனைவரையும் எட்டியதா? ஆப்பிரிக்காவின் பூட்டா டோரோவில் மார்க்கக் கல்வி பயின்ற உமர் இப்னு சயீத், 1807-இல் அடிமையாகச் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் இறக்கப்பட்டார். 1831-இல் தம் வரலாற்றை அரபியில் எழுதியபோது சூரத்துல் முல்க்கைக் கொண்டு தொடங்கினார். முஸ்லிமின் உரிமையையும் ஏட்டில் எண்ணிப் பார்த்த ஜெபர்சன், தம் வாழ்நாளில் அறுநூறுக்கு மேற்பட்ட அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தார். இவ்விரண்டையும் சேர்த்துரைப்பதே வரலாற்றுக்கு நாம் செய்யும் நீதி.