கித்தாத் தோட்டத்து ஒட்டும் கதிர் ஒட்டும்

மலாய் மொழியில் 'கெத்தா' என்றால் மரத்துப் பால் அல்லது பிசின் என்று பொருள். தோட்டப்புறத் தமிழர் அச்சொல்லைக் 'கித்தா' என்றாக்கி, ரப்பர் மரத்துக்கே பெயராக வழங்கினர். லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 1877ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளே மலாயாவின் கித்தாக் காடுகளுக்கு வித்தாயின. கிள்ளான், காஜாங் வட்டாரங்களில் அம்மரங்களை வெட்டிப் பாலெடுத்தோரில் தமிழர் பெருந்தொகையினர்.

அத்தோட்டங்களில் 'ஒட்டு' என்னும் சொல் பெருவழக்கு. விதைக்கன்றின் பட்டையைக் கீறி, மிகுதியாகப் பால் தரும் மரத்தின் மொட்டை அதனுள் பொருத்திக் கட்டுவர். வேர் ஒன்று, மேலே தழைப்பது மற்றொன்று. கோலாலம்பூரில் 1925இல் நிறுவப்பெற்ற ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் வளர்த்தெடுத்த உயர்ந்த மரவகைகள் இம்முறையாலேயே பரவின.

இந்த ஒட்டுவேலையை இன்று கதிர் செய்கிறது. கித்தாப் பாலும் பிளாஸ்டிக்கும் நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆனவை. இவற்றைப் பாலிமர் என்பர். இச்சங்கிலிகளைக் கந்தகமும் வெப்பமும் கொண்டு பிணைக்கும் வழியை 1839இல் குட்இயர் கண்டார். கதிர்வீச்சாலும் பாலிமரைப் பிணைக்கலாம் என்பதை 1952இல் இங்கிலாந்தில் சார்ல்ஸ்பி காட்டினார்.

கதிர் பிணைப்பதோடு நிற்பதில்லை. அது பட்ட இடத்தில் சங்கிலியின் அணுப்பிணைப்புச் சில அறுபடும். கத்தி கீறிய பட்டைபோல் அவ்விடம் புதிய கிளையை ஏற்கும். அடிப்பொருளின் உறுதி பெரிதும் குன்றாது. மேற்பரப்பின் குணமோ மாறிவிடும். ஒருவகைக் கிளை குளிர்ந்த நீரில் விரிந்து நிற்கும். சுமார் 32 பாகை செல்சியசுக்கு மேல் சுருங்கும். அதனுள் மருந்தை ஏற்றினால், உடற்சூட்டுக்கு ஏற்ப அது வெளிவரும் வேகத்தை அடக்கியாள இயலும் என ஆராய்கின்றனர்.

காஜாங்கை அடுத்த பாங்கியில் இக்கலைக்கு ஒரு கூடம் உண்டு. 1972இல் தொடங்கிய அணு ஆராய்ச்சி நிலையத்தின் உலை 1982 ஜூன் 28ஆம் நாள் இயங்கலாயிற்று. 1989இல் காமாக் கதிர்க்கூடமும் அமைந்தது. கந்தகமின்றிக் கதிராலேயே கித்தாப் பாலைப் பதப்படுத்தும் முறையும், சவ்வரிசி மாவிலிருந்து காயத்துக்கான ஈரப்பசை செய்யும் முறையும் அங்கே ஆராயப்பட்டன. காமாக் கதிர் பட்ட பொருளில் கதிரியக்கம் தங்குவதில்லை என்பதால் அஞ்ச வேண்டுவதில்லை.

ஆங்கிலேயர் மரத்து ஒட்டுக்கும் மூலக்கூற்று ஒட்டுக்கும் ஒரே சொல்லை ஆள்கின்றனர். நாமோ விஞ்ஞானத்துக்குப் புதுச்சொல் தேடி அலைகிறோம். 'கதிர் ஒட்டு' என்று சொன்னால் தோட்டத்தில் வளர்ந்த மாணவனுக்கும் பொருள் விளங்கும். நம் பாட்டன்மார் கையாண்ட சொல்லைப் பள்ளியிலும் கையாளுவோமாக.