பிரான்ஸில் இருவகை விருந்தினர்

புதுக்கோட்டை மாவட்டம் 1974ஆம் ஆண்டு உருவாயிற்று. அதன் பெரும்பகுதி, 1948 வரையில் தொண்டைமான் மன்னர்களின் தனியரசாக விளங்கிய நிலம். அம்மன்னர்களுள் ஒருவர் தம் இறுதி ஆண்டுகளைப் பிரெஞ்சு நாட்டில் கழித்தார். அதே ஆண்டுகளில் அங்கே திரள்திரளாகச் சென்ற அமெரிக்கப் பயணிகள் எவ்வாறு நடத்தப்பட்டனர் என்பதையும் சேர்த்து நோக்கினால், அயல்நாட்டு வரவேற்பு எதைப் பொறுத்து அமைகிறது என்பது விளங்கும்.

மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1886ஆம் ஆண்டு சிறுவயதிலேயே பட்டத்துக்கு வந்தவர். 1915 ஆகஸ்டில் மெல்போர்ன் நகரில் மோலி பிங்க் என்னும் ஆஸ்திரேலிய நங்கையை மணந்தார். பிரிட்டிஷ் அரசு அம்மையாரை அரசியென ஏற்க மறுத்துவிட்டது. மணமக்கள் புதுக்கோட்டைக்கு வந்தும் நிலைத்திருக்க இயலவில்லை, 1916இல் வெளியேறினர். அவ்வாண்டு பிறந்த மகனுக்கும் அரியணை கிட்டவில்லை. 1922இல் ஆட்சிப் பொறுப்பு மன்னரின் சகோதரரிடம் சென்றது. மன்னர் குடும்பம் தென்பிரான்ஸின் கேன்ஸ் நகரைத் தன் இருப்பிடமாக்கிக் கொண்டது.

தம் ஆட்சியுரிமையைக் காத்துத் தருவதாகச் சொன்ன பேரரசு அவர் மனைவிக்கு மதிப்பளிக்கவில்லை. தொடர்பே இல்லாத பிரான்ஸ் அவர்களை வாழவிட்டது. காரணம் எளிது. புதுக்கோட்டை அரியணையில் பிரெஞ்சுக்காரருக்கு எவ்வித வழக்கும் இல்லை. அவர்களிடையே அவர் கடனாளியும் அல்லர், கடன்காரரும் அல்லர்.

அமெரிக்கரின் கதை வேறு. 1917இல் முதல் உலகப் போரில் துணைநிற்க வந்த அமெரிக்கப் படைவீரர்களைப் பாரிஸ் மக்கள் மலர் தூவி வரவேற்றனர். ஒன்பதே ஆண்டுகளில் காட்சி மாறியது. போருக்கு முன் ஒரு டாலருக்கு ஐந்து பிராங்குக்குச் சற்று மேல் கிடைத்தது. 1926 ஜூலையில் ஏறத்தாழ ஐம்பது பிராங்கு கிடைத்தது. பிரெஞ்சுக் குடும்பங்களின் சேமிப்புக் கரைந்தது. அதே வேளையில், தம் நாட்டில் மதுவிலக்கு நடைமுறையில் இருந்த அமெரிக்கர்கள், பிரான்ஸில் அனைத்தும் மலிவென்று மகிழ்ந்தனர். அவர்களுள் சிலர் பிராங்கு நோட்டுகளைப் பெட்டிகள்மேல் ஒட்டிக்கொண்டு திரிந்ததாகச் செய்திகள் பரவின.

இதனுடன் போர்க்கடன் சிக்கலும் சேர்ந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி பிரான்ஸ் அக்கடனை 62 ஆண்டுகளில் அடைக்க வேண்டும். களத்தில் தங்கள் மக்கள் குருதி சிந்தினர், அமெரிக்காவோ கணக்கேட்டை நீட்டுகிறது என்று பிரெஞ்சுக்காரர் குமுறினர். ஜூலை 11 அன்று உறுப்பிழந்த வீரர்கள் உள்ளிட்ட ஆயிரக்கணக்கானோர் பாரிஸில் வாஷிங்டன் சிலையை நோக்கி ஊர்வலமாகச் சென்றனர். அம்மாதத்திலேயே சுற்றுலாப் பேருந்துகளில் சென்ற பயணிகளைக் கூட்டத்தினர் கூச்சலிட்டு இழிவுபடுத்தினர். பேருந்தில் அமர்ந்திருந்தவர்களுள் எத்தனையோ பேர் எந்தப் பிழையும் செய்யாதவர்கள். ஆயினும் நாணயத்தின் வீழ்ச்சிக்கும் அரசின் கடனுக்கும் அவர்களே முகமாகிவிட்டனர். பின்னர்ப் பிராங்கு நிலைபெற்றது; 1928இல் டாலருக்கு ஏறத்தாழ இருபத்தைந்து என வரையறுக்கப்பட்டது. சினமும் தணிந்தது.

அயலான் முன்னே நடக்கிறான். அவன் நாட்டின் கணக்கு பின்னே நடக்கிறது. மக்கள் முதலில் காண்பது அக்கணக்கையே. பிள்ளைகளைப் பிழைப்புக்காகக் கடல்கடந்து அனுப்பும் நம் குடும்பங்கள் இதை உணர்ந்திருத்தல் நலம். அந்தக் கணக்கைத் திருத்தத் தனி மனிதனால் இயலாது. ஆனால் தன் நடத்தையால் அதன் சுமையைக் குறைக்க இயலும். கடைக்குள் நுழைந்ததும் முகமன் கூறாமல் பொருளைக் கேட்பது பிரெஞ்சு வழக்கில் மரியாதைக் குறைவு. அங்குச் செல்லும் அமெரிக்கருக்கு இன்றும் முதலில் சொல்லப்படும் அறிவுரை இதுதான். பிறர் இல்லத்துள் புகுமுன் அனுமதி கேட்டு ஸலாம் உரைக்கப் பணிக்கும் திருமறையை ஓதும் நமக்கு இது புதுப்பாடம் அன்று. மலிவைக் கண்டு சிரிக்காதிருப்பதும் அதே பண்பின் பகுதியே.

நல்வரவேற்புக்கும் ஓர் எல்லை உண்டு. தொண்டைமான் மன்னர் 1928 மே 28 அன்று பாரிஸில் காலமானார். அவர் உடல் இலண்டனில் எரியூட்டப்பட்டது. மோலி அம்மையார் 1967இல் கேன்ஸ் நகரில் மறைந்தார். பிரான்ஸ் அவர்களுக்கு இருக்க இடம் தந்தது; புதுக்கோட்டையைத் தர அதனால் இயலவில்லை.